டான்யூப் கரையில் ஒயின் நாடு: மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சைக்கிளில் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒயின் விளையும் ஊர்களைச் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிரான்ஸையோ இத்தாலியின் டஸ்கனியையோதான் மனதில் வைத்திருப்பார்கள். டஸ்கனி அழகுதான். ஆனால் அங்கே பாதி ஊர்கள் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். தினமும் சைக்கிள் மிதித்துப் பழகாத கால்களுக்கு அது விடுமுறை அல்ல, தண்டனை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கு. மெல்க் என்ற ஊருக்கும் கிரெம்ஸ் என்ற ஊருக்கும் இடையே டான்யூப் ஆறு மலைகளுக்கு நடுவில் வளைந்து ஓடுகிறது. சைக்கிள் பாதை சுமார் 38 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் நிலையம் உண்டு, வழி நெடுக ஆற்றங்கரை, ஏற்றம் மிகக் குறைவு.

இந்த 38 கிலோமீட்டரை நிற்காமல் மிதித்தால் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பதாக இருந்தால் போகவே வேண்டாம். இங்கே திட்டம் போட வேண்டியது தூரத்தை வைத்து அல்ல, எங்கே நிற்கிறோம் என்பதை வைத்து. அதிலும் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்: ஒயின் குடிக்கும் இடமும் இரவு தூங்கும் இடமும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதிலிருந்து தானாக வந்துவிடும்.

பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம்

ஆற்றின் வடகரையில் செங்குத்தான சரிவுகள். அவற்றில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள், சுவருக்குச் சுவர் படிக்கட்டு போல ஏறும் திராட்சை வரிசைகள். மொத்தம் சுமார் 1,300 ஹெக்டேர்தான். உலக ஒயின் வரைபடத்தில் இது ஒரு புள்ளி. ஆனால் ரீஸ்லிங், குரூனர் ஃபெல்ட்லீனர் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சைகளை வைத்துக்கொண்டு இந்தப் புள்ளி வாங்கியிருக்கும் பெயர் பெரியது. பகலில் கிழக்கிலிருந்து எட்டும் வெதுவெதுப்பு. இரவில் வடக்கே உள்ள காட்டு மேட்டிலிருந்து இறங்கும் குளிர். பகலில் பழம் இனிப்பு ஏற்றுகிறது, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றுகிறது. சுவர்களில் உள்ள கற்கள் வெயிலை வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கின்றன. மாலை ஆறு மணிக்கு ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

2000இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதற்கு முன்பே இந்த இடம் ஒரு கண்டத்திலிருந்து தப்பியது. இங்கே டான்யூபின் குறுக்கே நீர்மின் நிலையம் கட்டத் திட்டம் இருந்தது. ஊர் மக்கள் சேர்ந்து எதிர்த்து அதை நிறுத்தினார்கள். அதனால்தான் ஆஸ்திரியாவில் பெரும்பாலும் அணைகளுக்கு நடுவே தேங்கி நகரும் டான்யூப், இந்தப் பகுதியில் இழுப்போடு ஓடுகிறது. அந்த இழுப்பின் பலனைப் படகுத்துறையில் நேரிலேயே அனுபவிப்பீர்கள்.

எந்த மாதம் போவது

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும். அதைப் பார்க்கவே வியன்னாவிலிருந்து கூட்டம் வரும். ஆனால் எந்த வாரம் பூக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, காலை நேரங்களில் கை விறைக்கும். இந்தியாவிலிருந்து மாதக்கணக்கில் முன்னால் டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் பூவை நம்பிப் போக வேண்டாம். ஜூலை நடுவில் அதே ஆப்ரிகாட் பழுக்கும். சாலையோர மேசைகளில் கூடைகூடையாக வைத்து விற்பார்கள். ஆனால் ஜூலையும் ஆகஸ்டும் சைக்கிள் கூட்டம் உச்சத்தில் இருக்கும் மாதங்கள், வெயிலும் கடுமையாக அடிக்கும்.

செப்டம்பருக்கு என் ஓட்டு. அறுவடை தொடங்கியிருக்கும், சரிவுகள் மிகவும் செங்குத்து என்பதால் பெரும்பாலும் கையால்தான் பறிப்பார்கள். முதுகில் கூடையோடு ஆட்கள் சுவர்களுக்கு இடையே ஏறி இறங்குவதைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். அந்த மாதத்தில் இன்னொன்றும் கிடைக்கும். ஷ்டூர்ம் என்பார்கள்: பாதி புளித்து, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் கலங்கலான திராட்சைச் சாறு. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே ஒரு கட்டம் உண்டே, அது போல. இனிப்பாக இறங்கும், எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். மிச்சப் பயணம் இருக்கும்போது ஷ்டூர்மைத் தொடாதீர்கள்.

எந்த மாதமானாலும் வார நாட்களில் போங்கள். சனி, ஞாயிறுகளில் பாதையில் மணி அடித்தே விரல் வலிக்கும். ஞாயிறன்று மளிகைக் கடைகளும் மூடியிருக்கும்.

போய்ச் சேர்வது

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வியன்னாவிலிருந்து மெல்குக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், சில ரயில்களுக்குச் சாங்க்ட் பெல்டனில் மாற வேண்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கமிருந்து வருகிறவர்கள் லின்ஸ் அல்லது சாங்க்ட் பெல்டனில் இறங்கி உள்ளூர் ரயில் பிடிக்கலாம். திரும்பும்போது கிரெம்ஸிலிருந்து வியன்னாவின் ஃப்ரான்ஸ் யோசஃப் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. அது நீங்கள் காலையில் கிளம்பிய நிலையம் அல்ல. பெட்டியை வியன்னா ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

சைக்கிளை வியன்னாவில் வாடகைக்கு எடுத்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், விரைவு ரயிலான ரயில்ஜெட்டில் இடம் முன்பதிவும் செய்ய வேண்டும், உள்ளூர் ரயிலில் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். இவ்வளவு தலைவலி எதற்கு? மெல்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்

சாதாரண டூரிங் சைக்கிள் போதும். எட்டு கியர் இருந்தாலே தாராளம். மின்சார சைக்கிளுக்கு ஆசைப்பட வேண்டிய அவசியம் இந்தப் பாதையில் இல்லை. ஆக்ஷ்டைன் கோட்டை இடிபாட்டுக்கு ஏற வேண்டும், அல்லது கூட வருகிறவருக்கு முழங்கால் வலி என்றால் எடுங்கள்.

வாடகைக் கடையில் கேட்க வேண்டியது முதலில் ஒன்றுதான்: மெல்கில் எடுத்ததைக் கிரெம்ஸில் விடலாமா? முடியும் என்றால் கூடுதல் பணம் கொடுத்தாவது அப்படியே செய்யுங்கள். முடியாது என்றால் திரும்பி வர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கிரெம்ஸுக்கும் மெல்குக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஆற்றை எதிர்த்துப் போவதால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுக்கும். அதே கப்பல் கீழ்நோக்கி வர ஒன்றே முக்கால் மணி நேரம்தான். இன்னொன்று, வடகரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலாகப் போகும் வாஹாவ் ரயில். சீசனில் மட்டும் ஓடும் இந்த ரயில் மெல்குக்கு எதிர்க்கரையில் உள்ள எம்மர்ஸ்டோர்ஃபில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பாலம் கடந்து மெல்க்.

சைக்கிளை வாங்கியதும் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சீட்டின் உயரம், இரண்டு பிரேக், மணி, முன் விளக்கு, பின் விளக்கு, பூட்டு. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் சில ஆஸ்திரிய சைக்கிள்களில் இருக்கும். நம்மூர் சைக்கிளில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே உருட்டிப் பழகியவர்களுக்கு அது முதல் பத்து நிமிடம் அதிர்ச்சியாக இருக்கும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுவது வலப்பக்கம் என்பதை முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு திருப்பத்திலும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதுகில் பை மாட்டாதீர்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பை ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, ஒரு மாற்றுடை, கொஞ்சம் ரொக்கம். ரொக்கம் முக்கியம், சின்ன ஒயின் வீடுகள் சிலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள்.

எந்தக் கரை?

பாதை இரண்டு கரையிலும் இருக்கிறது. ஒயின் ஊர்களும் அவற்றின் நெரிசலும் வடகரையில் இருக்கின்றன. தென்கரையில் ஆப்ரிகாட் தோப்புகளும் நிழலும் அமைதியும். நான் சொல்லும் கலவை: மெல்கிலிருந்து ஆர்ன்ஸ்டோர்ஃப் வரை தென்கரை, அங்கே படகில் ஏறி ஷ்பிட்ஸ், பிறகு கிரெம்ஸ் வரை வடகரை. முழுக்க வடகரையிலேயே போனால் வில்லெண்டோர்ஃப் வழியாகப் போகலாம். 1908இல் ரயில் பாதை போடும்போது, சுமார் 30,000 ஆண்டுப் பழமையான, பதினோரு சென்டிமீட்டர் உயரமே உள்ள பெண் சிலை கிடைத்தது அந்த ஊரில்தான். ஆனால் அசல் சிலை வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்; தென்கரையின் அமைதியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திசையை மாற்றாதீர்கள். மெல்கிலிருந்து கிரெம்ஸ் நோக்கித்தான். இறக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். முதுகில் காற்று வாங்கிப் போவதற்கும் முகத்தில் வாங்கிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் மாலையில் தொடையில் தெரியும்.

முதல் நாள்: மெல்க் – ஷ்பிட்ஸ் – வைசென்கிர்ஹென்

காலையில் மெல்க் மடத்தை முதலில் பார்த்துவிடுங்கள். 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கும் இடம். இப்போது பாறையின் மேல் மஞ்சள் நிறத்தில் நிற்கும் கட்டடம் 1702இல் தொடங்கிக் கட்டியது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், நூலகத்தை விடாதீர்கள். சைக்கிளை அதற்குப் பிறகு எடுத்தால் வாடகை நேரம் வீணாகாது.

மதியத்துக்கு முன் கிளம்பினால் முதல் ஐந்தாறு கிலோமீட்டரில் ஆற்றுக்குள் துருத்தி நிற்கும் ஷோன்பூயல் கோட்டை. சின்ன ஏற்றம் ஒன்று வரும். அதன் பிறகு பாதை தட்டையாகிவிடும். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் காடு. தலைக்கு மேலே, ஆற்றிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில், ஆக்ஷ்டைன் இடிபாடு. ஏறினால் காட்சி அபாரம். ஆனால் அந்த ஏற்றம் இந்த நாளில் மிச்சம் வைத்திருக்கும் தெம்பையெல்லாம் தின்றுவிடும். கீழிருந்தே பார்த்துவிட்டுப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆர்ன்ஸ்டோர்ஃப் நெருங்கும்போது ஆப்ரிகாட் தோப்புகள் தொடங்கும். எதிர்க்கரையில் ஷ்பிட்ஸ் ஊரும் அதன் மேலே ஹின்டர்ஹவுஸ் கோட்டையும் தெரியும். படகுத்துறைக்கு அம்புக்குறி பார்த்து இறங்குங்கள்.

இந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம்; அதில் உருளும் கப்பியிலிருந்து படகு தொங்குகிறது. படகோட்டி படகின் முகத்தை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்புகிறார். தள்ளுகிற தண்ணீரே படகைப் பக்கவாட்டில் எதிர்க்கரைக்கு நகர்த்திவிடுகிறது. அணை கட்டியிருந்தால் தண்ணீருக்கு இந்த இழுப்பு இருந்திருக்காது. கார்களுக்கு அருகில் கம்பியில் சைக்கிளைச் சாய்த்து நின்றால் காதில் விழுவது பலகையில் மோதும் நீரும், மேலே கப்பி உருளும் சத்தமும் மட்டும்தான். சில நிமிடங்களில் அக்கரை. வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். கனமழைக்கு மறுநாள் போகிறவர்கள் விசாரித்துவிட்டு இறங்குங்கள். அப்படியானால் மெல்கிலேயே பாலம் கடந்து வடகரை வழியாக வருவது உத்தமம்.

ஷ்பிட்ஸ் ஊருக்கு நடுவே ஒரு திராட்சைக் குன்று நிற்கிறது. நல்ல விளைச்சல் ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தரும் என்று அதற்கு ஆயிரம் வாளிக் குன்று எனப் பெயர். மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம். ஒயின் வேண்டாம், இன்னும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஷ்பிட்ஸிலிருந்து வைசென்கிர்ஹென் ஆறு கிலோமீட்டருக்குள்தான். இந்தத் துண்டை அவசரமே இல்லாமல் ஓட்டுங்கள். சாங்க்ட் மிஷேல் என்ற இடத்தில் கோட்டை போல மதில் சூழ்ந்த ஒரு தேவாலயம் இருக்கிறது. கூரை முகட்டில் ஏழு சின்ன மண் விலங்குகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஊரார் அவற்றை முயல்கள் என்கிறார்கள். ஒரு குளிர்காலத்தில் பனி கூரை மட்டத்துக்குக் குவிந்து முயல்கள் அதன் மேல் ஓடின என்று கதை. அதைத் தாண்டியதும் பாதை திராட்சை வரிசைகளுக்குள் நுழைந்து வோசென்டோர்ஃப், யோஹிங் ஊர்களின் குறுகிய தெருக்கள் வழியாகப் போகும். பழுத்த திராட்சை கை எட்டும் தூரத்தில் தொங்கும். பறிக்காதீர்கள். அது ஒருவருடைய ஆண்டு வருமானம்.

தோட்டங்களுக்குள் மேலே போய்ப் பார்க்க ஆசையா? சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடங்கள். பள்ளத்தாக்கை முழுக்கச் சுற்றி வரும் 180 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று சுவர்களுக்கு மேலாகப் போகிறது. வைசென்கிர்ஹெனுக்கு மேலே ஆஹ்லைட்டன் என்ற புகழ்பெற்ற சரிவு வரை ஏறி இறங்கினால் போதும், கால் மணி நேரத்திலேயே ஆற்றின் வளைவு முழுவதும் காலடியில் விரியும்.

இரவு வைசென்கிர்ஹெனில். இங்கே தங்குமிடம் என்பது பெரும்பாலும் ஒயின் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வாடகைக்கு விடும் அறைகள். செப்டம்பருக்கு மாதக்கணக்கில் முன்பே பேசிவைக்க வேண்டும். ஒரு இரவுக்கு மட்டும் அறை தர மாட்டோம் என்று சில வீடுகளில் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் ஷ்பிட்ஸில் பாருங்கள்.

ஹொய்ரிகரில் ஒரு மாலை

1784இல் பேரரசர் இரண்டாம் யோசஃப், திராட்சை விவசாயிகள் தாங்கள் விளைவித்த ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கலாம் என்று உத்தரவிட்டார். அதன் வழி வந்ததுதான் ஹொய்ரிகர். ஓட்டல் அல்ல, விவசாயியின் முற்றம். நீளமான மர மேசைகள், முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்து உட்கார வேண்டும். ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, ஒவ்வொரு வீடும் முறைவைத்துச் சில வாரங்கள் திறக்கும். வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் இன்று உண்டு; தொங்காவிட்டால் கதவைத் தட்டாதீர்கள். இந்த வாரம் யார் முறை என்று தங்கும் வீட்டில் கேட்டால் உடனே சொல்வார்கள்.

ஒயினை மேசைக்கே வந்து கேட்பார்கள். கேட்க வேண்டிய அளவு ‘அக்ட்டல்’. லிட்டரில் எட்டில் ஒரு பங்கு, 125 மில்லி. “ஐன் அக்ட்டல் ஃபெல்ட்லீனர், பிட்டே” என்றால் போதும். தாகத்துக்கு என்றால் ‘கெஷ்ப்ரிட்ஸ்டர்’: ஒயினும் சோடாவும் பாதிக்குப் பாதி. விலை உயர்ந்த ஒயினில் சோடா கலக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், சாதாரண ஒயினுக்குத்தான் அது. கிளாஸோடு கிளாஸைத் தொடும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து “ப்ரோஸ்ட்” சொல்வது இங்கே மரியாதை.

குடிக்காதவர்களுக்கு இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது. அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு சோடா கலந்து கிடைக்கும். ஆப்ரிகாட் சாறும் உண்டு. யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். சைக்கிளில் வந்த குடும்பங்களில் பாதிப் பேர் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு பெரும்பாலும் குளிர்ந்த தட்டுகள், அவற்றில் பெரும்பகுதி பன்றி இறைச்சி. சைவர்கள் ரொட்டியோடு லிப்டவர் கேளுங்கள்: மென்மையான பாலாடைக்கட்டியில் மிளகாய்ப் பொடியும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த செம்மஞ்சள் நிறத் தொடுகறி. நம் நாக்குக்குக் காரம் போதாது, ஆனால் ஃபெல்ட்லீனரோடு பொருந்தும். உருளைக்கிழங்கை மசித்துச் செய்யும் ஏர்டேப்ஃபெல்கேஸும் நன்றாக இருக்கும். ஷ்மால்ட்ஸ் என்ற பெயரில் வருவதைத் தவிர்க்க வேண்டும், அது பன்றிக் கொழுப்பு. பார்த்தால் வெண்ணெய் போலவே இருக்கும். இனிப்புக்கு முழு ஆப்ரிகாட்டை மாவுக்குள் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள். மோதகத்துக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

எவ்வளவு குடித்தால் சைக்கிளைத் தொடக் கூடாது

ஆஸ்திரியாவில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் மது வரம்பு உண்டு. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.8. அதைத் தாண்டினால் அபராதம் 800 யூரோவில் தொடங்கும். ஊதிக்காட்ட மறுத்தால் அதைவிட அதிகம்.

12 சதவீத ஒயின் ஓர் அக்ட்டலில் சுமார் 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ஏறக்குறைய 0.25 ஏற்றும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.4 அளவுக்கு ஏற்றும், இரண்டாவது அக்ட்டலிலேயே வரம்பின் விளிம்பு. வெறும் வயிறு, வெயில், வியர்த்து வற்றிய உடம்பு மூன்றும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தலைக்கு ஏறும். சட்டத்தை விடுங்கள். ஷ்பிட்ஸுக்குக் கீழே பல இடங்களில் பாதைக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை போகிறது, மறுபக்கம் ஆறு. பகலில் ஒரு கெஷ்ப்ரிட்ஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சைக்கிளைப் பூட்டிய பிறகு.

ஒயின் கடையில் சுவைத்துப் பார்க்கும்போது துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நமக்கு அது அநாகரிகமாகத் தோன்றும். அவர்கள் அப்படி நினைப்பதில்லை, தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்கிறார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள்.

லேபிளில் மூன்று பெயர்கள்

வாஹாவ் விவசாயிகள் 1983இல் ஒரு சங்கம் தொடங்கித் தங்கள் ஒயினை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஷ்டைன்ஃபேடர் மிக லேசானது, ஆல்கஹால் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. ஃபேடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை. ஸ்மராக்ட் 12.5க்கு மேல், நன்றாகப் பழுக்கவிட்டுக் கடைசியில் பறித்த திராட்சை, பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கத் தகுந்தது. வெயில் காயச் சுவர்களுக்கு வரும் பச்சைப் பல்லியின் பெயர் அது. சைக்கிள் பயணத்துக்கு ஷ்டைன்ஃபேடர், இரவுச் சாப்பாட்டுக்கு ஃபேடர்ஷ்பீல், வாங்கிக்கொண்டு போக ஸ்மராக்ட். சங்கத்தில் சேராத நல்ல விவசாயிகளும் உண்டு. அவர்களுடைய பாட்டிலில் இந்தப் பெயர்கள் இருக்காது, அதற்காக ஒதுக்க வேண்டாம்.

சுவைக்கும்போது ஒரே விவசாயியின் ஃபெல்ட்லீனரையும் ரீஸ்லிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஃபெல்ட்லீனர் பெரும்பாலும் கீழ்ச் சரிவின் வண்டல் கலந்த மண்ணில் வளர்வது. வெள்ளை மிளகின் லேசான காரம் நாக்கின் ஓரத்தில் தெரியும். ரீஸ்லிங் மேலே, மண் மிகக் குறைந்த பாறையில். எலுமிச்சைப் புளிப்பும் பீச் வாசமும்.

இரண்டாம் நாள்: டூர்ன்ஷ்டைன் வழியாகக் கிரெம்ஸ்

காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். ஆறு கிலோமீட்டரில் டூர்ன்ஷ்டைன். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கப்பல்கள் வந்து கொட்டிவிட்டால் அந்த ஒற்றைத் தெருவில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. எப்போது வந்தாலும் ஊருக்குள் இறங்கி உருட்டித்தான் போக வேண்டும்.

ஊருக்கு மேலே உள்ள இடிந்த கோட்டையில்தான் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் 1192 இறுதியில் அடைத்து வைத்தான். பெருந்தொகை கொடுத்துத்தான் மீட்டார்கள். 1645இல் சுவீடன் படை கோட்டையை உடைத்தது. ஏற அரை மணி நேரம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு ஏறுங்கள், கல் வழுக்கும். கீழே ஆற்றங்கரையில் நீலமும் வெள்ளையுமாக நிற்கும் மடத்தின் கோபுரத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் ஊருக்குள் நிற்பதில் பயனில்லை. சின்னப் படகில் சைக்கிளோடு எதிர்க்கரையின் ரோசாட்ஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், காலை வெயில் கோபுரத்தில் விழும் நேரம் அதற்கு ஏற்றது.

டூர்ன்ஷ்டைனைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு அகலமாகி, லோய்பன் ஊர்களின் சமவெளித் தோட்டங்கள் வரும். இங்கே கூட்டுறவுச் சங்கமான டோமேனே வாஹாவின் விற்பனைக் கூடம் இருக்கிறது. சிறு விவசாயி வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குகிறவர்கள் இங்கே தாராளமாகச் சுவைத்து வாங்கலாம். மீதமுள்ள எட்டு கிலோமீட்டர் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷ்டைன் என்ற பழைய ஊரின் தெருவைக் கடந்து கிரெம்ஸ் நிலையம் வந்துவிடும்.

பாட்டில்களை என்ன செய்வது

ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்குக் கவலை இல்லை, பல விவசாயிகள் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளம், மூன்றாவது கணக்கை மீறிவிடும். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைக்க வேண்டும். சைக்கிளில் கொண்டுவரும்போது இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் போடாமல் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் சட்டையில் சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும், கற்கள் பாவிய ஷ்டைன் தெருவில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும். வாங்குவதை டூர்ன்ஷ்டைனுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் சுமக்க வேண்டிய தூரம் எட்டு கிலோமீட்டர்தான்.